மார்கழியில் முகூர்த்தம் இல்லை, கடமானுக்கு உண்டு

திண்டுக்கல்லில் கேமராவை நம்பிப் பிழைப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு மாதம் கை ஓயும். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். மாப்பிள்ளை அழைப்புக்கும் தாலிகட்டுக்கும் ஓடி அலுத்த லென்ஸ்கள் பீரோவுக்குள் போய்விடும். சிலர் மட்டும் இந்த ஓய்வுக்காகவே காத்திருப்பார்கள். எங்கேயாவது ஒரு நீண்ட லென்ஸை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, விடிவதற்குள் வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறிவிடுவார்கள். அந்தக் குளிரில் அவர்கள் தேடிப் போவது கடமானை. இன்னும் தெற்கே போனால் மிளா என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும்.

ஆனால் அவர்கள் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு படம் ஒட்டியிருக்கும், அது வேறு நாட்டுப் படம். செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனிலிருந்தும் கொலராடோவின் ராக்கி மலைப் பூங்காவிலிருந்தும் எல்க் படங்கள் கொட்டும். பின்னால் மஞ்சளாகிப்போன ஆஸ்பென் மரங்கள், நடுவே புல்வெளி, அதில் கிளைகிளையாகக் கொம்பு விரித்த ஆண் எல்க், திறந்த வாயிலிருந்து வெளியேறும் ஆவி. இணைசேரும் பருவத்தில் ஆண் எல்க் பெண்களைக் கூட்டமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு காவல் காக்கும். அடித்தொண்டையில் ஆரம்பித்து உச்சஸ்தாயிக்கு ஏறிக் கீச்சிடும் குரலில் கூவும். வெளிச்சத்தில், திறந்த வெளியில், ஊரைக் கூட்டி நடக்கும் காதல் அது. படம் எடுப்பவருக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

கடமான் இந்த வசதிகளில் ஒன்றைக்கூடச் செய்து தராது.

உருவத்தில் குறையில்லை. இந்தியாவின் மிகப் பெரிய மான் இதுதான். நன்கு வளர்ந்த ஆண் 225 கிலோவிலிருந்து 320 கிலோ வரை இருக்கும். கொம்பு ஒவ்வொன்றிலும் வழக்கமாக மூன்று முனை. நெற்றிக்கு மேலே ஒரு கிளை முன்னோக்கி வளையும், உச்சியில் தண்டு இரண்டாகப் பிரியும். இந்த உருவத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியா மலைகளில் நாய்களை ஏவி வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் இலங்கைக் கடமானை எல்க் என்றே எழுதி வைத்தார்கள். ஆனால் குடும்ப வாழ்க்கையில் இரண்டும் எதிர்த் துருவம். கடமான் பெரும்பாலும் தனியாக இருக்கும், இல்லையென்றால் தாயும் குட்டியுமாக. ஆண் தனக்கென ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்தப்புரம் சேர்க்காது. பருவத்துக்கு வந்த பெண்தான் ஒரு ஆணின் இடத்திலிருந்து இன்னொன்றின் இடத்துக்கு அலைந்து துணை தேடும். எப்போதாவது ஒரு கரகரத்த முழக்கம் கேட்டதாகச் சொல்வார்கள், மற்றபடி ஆண் அதிகம் சத்தமே போடாது. போதாக்குறைக்கு எல்லாம் அந்தியிலும் இரவிலும் அதிகாலையிலும் நடக்கும்.

பருவம் வேறு சதி செய்கிறது. கடமான் ஆண்டின் எந்த மாதத்திலும் இணைசேரக்கூடும் என்றாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியிலும் முன்பனியிலும் அது உச்சம் அடைகிறது. மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா காட்டில் 1960களில் தங்கி ஆராய்ந்த ஜார்ஜ் ஷேலர், 1967இல் வெளிவந்த மானும் புலியும் பற்றிய தன் நூலில் நவம்பர், டிசம்பரை அதன் உச்சமாகக் குறிக்கிறார். நம் கணக்கில் ஐப்பசிப் பிற்பாதியிலிருந்து மார்கழி வரை. அமெரிக்காவில் எல்க்கின் பருவம் பொன்னிற வெயில் காலம். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் கடமானின் பருவமோ வடகிழக்குப் பருவமழை கொட்டி முடிக்கும் நேரம். மஞ்சள் இலை கிடையாது. மூடுபனி உண்டு, சேறு உண்டு, சோலைக்குள் கால் வைத்தால் அட்டை உண்டு.

இந்த இடத்தில் தொல்காப்பியத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. குறிஞ்சித் திணைக்கு அது வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசி முதல் தை வரை. சிறுபொழுது யாமம், நள்ளிரவு. உரிப்பொருள் புணர்தல். இலக்கணம் வகுத்தவர்கள் மலைநாட்டுத் தலைவனையும் தலைவியையும் நினைத்து வகுத்தார்கள், கடமானை நினைத்தல்ல. ஆனாலும் நிலம், பருவம், வேளை, செயல் நான்கும் இந்த ஒரு விலங்குக்கு இப்படிப் பொருந்திப் போவதைப் பார்க்கும்போது, மலையில் வாழ்ந்தவர்கள் சுற்றிலும் நடப்பதைக் கவனித்துத்தான் இதையெல்லாம் அடுக்கியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. சான்று கேட்டால் இல்லை, ஊகம்தான்.

இந்தியாவுக்குள்ளேயே எல்க் மாதிரி வேண்டும் என்பவர்கள் காஷ்மீருக்குத்தான் போக வேண்டும். ஸ்ரீநகரை ஒட்டிய டாச்சிகாம் தேசியப் பூங்காவில் இருக்கும் ஹங்குல் மான் எல்க்குக்கு நெருங்கிய உறவு. இலையுதிர் காலத்தில் அதன் ஆண்கள் முழங்கும், பின்னால் மரங்கள் சிவந்திருக்கும். ஆனால் 2021 கணக்கெடுப்பில் இருந்தவை 261 மட்டுமே. அத்தனை அருகிப்போன ஒன்றின் பின்னால் இணைசேரும் பருவத்தில் கேமராக் கூட்டம் திரண்டால் எப்படியிருக்கும் என்று யோசித்தால், நம் மலையே போதும் என்று தோன்றிவிடும்.

நம் மலை என்பது திண்டுக்கல்லிலிருந்து பார்த்தால் மேற்கே நீலமாய்த் தெரிவது. ஊர் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. சுமார் 95 கிலோமீட்டர் சாலையில் கொடைக்கானலை அடையும்போது 2,100 மீட்டர் உயரத்துக்கு வந்திருப்போம். கீழே விசிறி ஓடிக்கொண்டிருக்கும், மேலே கம்பளி போதாது. 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 608.95 சதுர கிலோமீட்டர். அதற்குள் சோலைக்காடும் புல்வெளியும் உண்டு, அவற்றைத் தின்றுகொண்டு வளர்ந்த சீகை, பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் உண்டு. பேரிஜம் ஏரிப் பக்கம் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதுவும் பகலில் மட்டும். யானை நடமாட்டம் இருந்தால் அதுவும் நின்றுவிடும். 2024 மே மாதத்திலிருந்து, உயர் நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்குள் வெளியூர் வண்டி நுழையவே இ-பாஸ் எடுக்க வேண்டும்.

இத்தனையும் கடந்து ஏரிக்கரைப் புல்லில் ஒரு கடமான் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதைப் பார்ப்பது?

முதலில் கழுத்தை. இந்தப் பருவத்தில் ஆணின் தொண்டைக்கு அடியில், பாதித் தூரத்தில், முடி உதிர்ந்து ரத்தச் சிவப்பாய் ஒரு வட்டம் தெரியும். சில சமயம் ஈரம் கசியும். முதல் தடவை பார்ப்பவர்கள் குண்டடி பட்டிருக்கிறது என்றோ செந்நாய் கடித்துவிட்டது என்றோ பதறிப்போவார்கள். படம் எடுத்தவரே கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அசிங்கமாக இருக்கிறதென்று அந்த இடத்தைத் திருத்தி அழித்துவிடுவதும் உண்டு. காயமும் இல்லை, நோயும் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் வளர்ந்த கடமான்களில் தோன்றுவது, பாலூட்டும் பெண்களிடமும் காணப்படுவது. வாசனை பரப்பும் சுரப்பியோடு தொடர்புடையது என்பது பொதுவான கருத்து. படத்தில் இது பருவகாலம் என்று சொல்லும் ஒரே அடையாளம் பல நேரம் அந்தச் சிவப்பு வட்டம்தான். அதைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது ஏதோ ஒரு மாதத்தில் நின்ற ஏதோ ஒரு மான்.

அடுத்தது சேறு. ஆண் கடமான் குளம்பால் தரையை மிதித்து வெறும் மண்ணாக்கும், கொம்பால் கிளறும், சிறுநீர் கலந்த சேற்றில் புரண்டு எழும். ஏற்கெனவே கருத்த உடம்பு இன்னும் கருத்து, கழுத்துப் பிடரி மயிர் திரிதிரியாய்த் தொங்கும். கொம்பில் புல்லும் கொடியும் சுற்றியிருக்கும். கல்யாண மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுவதுபோல் இதற்குச் சேறு. கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பி விரிந்து, கண்ணுக்குக் கீழ் இன்னொரு கண் திறந்த மாதிரி தெரியும். நெருக்கமாக எடுத்த முகப் படங்களில் மிரட்டுவது அதுதான்.

இவை எல்லாவற்றையும்விட அரிய காட்சி ஒன்று உண்டு. ஆண் பின்னங்கால்களில் எழுந்து நின்று, தலைக்கு மேலே தொங்கும் கிளையில் முகத்தையும் கொம்பையும் தேய்த்து வாசனையை ஏற்றிவிட்டு இறங்கும். முந்நூறு கிலோ உடம்பு இரண்டு காலில் நிற்கும் அந்த விநாடிகளைக் கையில் கேமராவோடு பார்த்தவர்கள் மிகக் குறைவு. மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமராக்களுக்கு அந்த அதிர்ஷ்டம் அதிகம். சண்டையிலும் இதே வித்தை காட்டும். கொம்பு கோத்துத் தள்ளுவது எல்லா மானும் செய்வதுதான். கடமான் சில சமயம் எழுந்து நின்று மேலிருந்து மோதும். பெண்கள் சளைத்தவர்கள் அல்ல, பின்னங்காலில் நின்று முன்னங்காலால் ஒன்றையொன்று தலையில் அறையும்.

ஆக, கடமானின் பருவகாலம் மூக்குக்கு எழுதப்பட்டது. கிளையில் வாசனை, மண்ணில் வாசனை, முகத்தில் வாசனை. கேமராவோ மூக்கில்லாத கருவி. கூவும் எல்க்கை மனதில் வைத்துக்கொண்டு போனவர் ஒன்றுமே நடக்கவில்லை என்று திரும்பி வருவார். அவர் கண்முன்னாலேயே ஒரு ஆண் மேலுதட்டைச் சுருட்டிக் காற்றை முகர்ந்துகொண்டு ஐந்து நிமிடம் நின்றிருக்கும். அதுதான் நிகழ்ச்சி. உரசிப் பட்டை உரிந்த மரம், குழம்பிய சேற்றுக் குட்டை, அதன் ஓரத்தில் குளம்புத் தடம் என்று விலங்கே இல்லாத படங்களும் இந்தக் கதையில் சேரும். கொம்புச் சண்டை ஒன்றுக்காக மட்டும் ஏறுகிறவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

தொழில்நுட்பம் கொஞ்சம். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அடர்ந்த மூடுபனி கட்டம் முழுக்க இருந்தால் அதை இருட்டடித்துச் சாம்பலாக்கிவிடும், கடமான் கரிக்கட்டையாகிவிடும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு படி கூட்ட வேண்டும். அதே கடமான் நெருங்கி வந்து கட்டத்தை நிறைத்தால் கணக்கு தலைகீழ். கருத்த உடம்பைக் கேமரா வெளுக்கடித்துவிடும், குறைக்க வேண்டும். ஒரே விலங்குக்குப் பத்தடி இடைவெளியில் இரண்டு எதிர்ச் சரிசெய்தல். கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டிக்கும் கருப்புக் கோட்டுக்கும் நடுவே பழகிய கைக்கு இது புதிதல்ல.

வெளிச்சம் போதாது என்பது நிரந்தரப் புகார். ஆனால் கடமானின் ஒரு குணம் இதில் கைகொடுக்கும். சந்தேகம் வந்தவுடன் புள்ளிமான் மாதிரித் துள்ளி ஓடிவிடாது. காதை முன்னால் நீட்டி, வாலைத் தூக்கி, ஒரு முன்னங்காலைத் தரையில் அடித்து, உரக்க ஒரு தடவை ஒலியெழுப்பிவிட்டு அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் 60இல் ஒரு பங்கு விநாடி ஷட்டரே போதும், கேமராவைக் கார் ஜன்னலில் ஒரு பயறு மூட்டைமேல் தாங்கியிருந்தால். எஞ்சினை அணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதிர்வு படத்தில் தெரியும். சண்டை என்றால் கதை வேறு. 800இல் ஒரு பங்கு வேண்டும், ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்ற வேண்டும், படத்தில் மணல் தூவியது போல் புள்ளி விழுந்தால் விழட்டும். தானியங்கி ஃபோகஸ் முன்னால் நிற்கும் புல்லைத்தான் முதலில் பிடிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காற்று இன்னொரு சங்கதி. மலைச் சரிவில் இரவெல்லாம் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி வழியும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். விடியும் முன் விலங்குக்குக் கீழ்ப்பக்கம் இருப்பவர் வாசனை அதற்குப் போகாது. எட்டு, ஒன்பது மணிக்கு அதே இடம் காட்டிக் கொடுத்துவிடும். சரணாலயத்துக்குள் இஷ்டத்துக்கு இறங்கி நடக்க முடியாது என்பதால், சாலையின் எந்த வளைவில் வண்டியை நிறுத்துவது என்பதற்குத்தான் இந்தக் கணக்கு உதவும்.

இந்த மலைகளில் கடமான் பின்னால் முதலில் போனவர்கள் கையில் இருந்தது துப்பாக்கி. பேரிஜத்தை ஒட்டிய ஃபோர்ட் ஹாமில்டன் என்ற இடத்தின் பெயருக்கு உரியவர் டக்ளஸ் ஹாமில்டன். ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் தான் ஆடிய வேட்டைகளை அவர் எழுதிய நூல் 1892இல் வந்தது. ஹாமில்டன் படமும் வரைவார். சுட்ட விலங்கைத் தாளிலும் கொண்டுவந்துவிடும் அந்தக் காலத்து வழக்கம்.

வேட்டைக்கும் படத்துக்கும் இடையே அப்போது அதிக தூரம் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர், படகின் முன்னால் விளக்கை வைத்து மானின் கண்ணைக் கூசவைத்துச் சுடும் பழைய உத்தியை எடுத்து, துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவையும் ஃபிளாஷையும் வைத்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரஃபிக் அவருடைய படங்கள் 74ஐ ஒரே இதழில் வெளியிட்டது. இந்தியாவில் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் காட்டுப் பாதையில் கம்பி கட்டி, விலங்கே தடுக்கித் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்தார். புலிநாட்டில் கேமராவோடு அலைந்த கதையாக அவர் நூல் 1927இல் வந்தது. இருவரும் முன்னோடிகள், சந்தேகமில்லை. ஆனால் ஷைராஸின் உத்தி இன்று செய்யக்கூடாதவற்றின் பட்டியலில் முதலில் இருக்கிறது. விளக்கு அடித்தால் கடமான் உறைந்து நிற்கும் என்பதைக் கள்ள வேட்டைக்காரர்களும் அறிவார்கள். இரவில் டார்ச்சோடு காட்டோரம் நிற்பவர் கையில் இருப்பது லென்ஸா வேறொன்றா என்று வேட்டைத் தடுப்புக் காவலர் நின்று ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் படம் எடுக்க நுழைவதையே அனுமதிக்கு உட்பட்டதாக வைத்திருக்கிறது.

நமக்கு வழிகாட்டி வேண்டுமென்றால் மா. கிருஷ்ணனைத்தான் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950இல் தொடங்கி 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். தமிழில் அவர் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்தார். கிருஷ்ணன் படங்கள் கறுப்பு வெள்ளை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தானே ஒட்டவைத்து ஒரு கேமரா கட்டி, அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று நக்கலாகப் பெயரும் வைத்தார். அவர் படங்களில் விலங்கு மட்டும் தனியாகப் பிதுங்கி நிற்காது, அது நிற்கும் காடும் கூடவே இருக்கும். மூடுபனியில் நிறமே இல்லாத மார்கழிக் காலையில் கடமானை எடுப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 600 எம்.எம். லென்ஸ் இல்லையே என்று ஏங்குபவர்கள் முதலில் அவர் படங்களைப் பார்க்கலாம்.

எவ்வளவு நெருங்கலாம்? யெல்லோஸ்டோனில் எல்க்குக்கு 25 கெஜம், அதாவது சுமார் 23 மீட்டர் குறைந்தபட்ச விதி. ராக்கி மலைப் பூங்காவில் செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் புல்வெளிக்குள் இறங்கவே தடை, சாலையிலிருந்துதான் பார்க்கலாம். அத்தனை பேர் வருகிறார்கள். இலங்கையின் ஹோட்டன் சமவெளியில் சிக்கல் வேறு மாதிரி. சுற்றுலாப் பயணிகள் தீனி கொடுத்துப் பழக்கியதில் பெருங்கொம்புக் கடமான்கள் வண்டிகளைத் தேடி வந்து நிற்கின்றன. முகத்துக்கு நேராக மொபைலை நீட்டி எடுத்த அந்தப் படங்கள் கூர்மையாக இருக்கும், அழகாகவும் இருக்கும். பிஸ்கட்டுக்கு நிற்கும் விலங்கைப் பருவகாலப் படம் என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. கொடைக்கானலில் காட்டுமாடுகள் தெருவிலேயே நடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் கடமானையும் அப்படி நினைத்துவிடக் கூடாது. அது நம்மைக் கண்டு தலையைத் தூக்கி வாலை நிமிர்த்திவிட்டதென்றால், தூரம் ஏற்கெனவே குறைந்துவிட்டது.

இறங்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. குளிரில் கிடந்த லென்ஸைப் பெருமாள்மலை தாண்டி வெதுவெதுப்பான காற்றில் வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க நீர் கோத்துவிடும், உள்ளே போன ஈரம் பிறகு பூஞ்சணமாக வளரும். திண்டுக்கல் வரும்வரை பையைத் திறக்காமல், வீட்டில் ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுத் திறப்பது நல்லது. பேருந்தில் கிளிக் கிளிக் என்று படம் திருப்பிப் பார்க்கும் ஆசைதான் கெடுக்கும்.

கருவைச் சுமக்கும் காலம் சுமார் எட்டு மாதம். ஐப்பசி, கார்த்திகையில் கூடியவற்றின் குட்டிகள் ஆனி, ஆடி வாக்கில் விழும். ஆண்கள் கோடையில் கொம்பை உதிர்த்திருக்கும். காட்டில் கிடக்கும் அந்தக் கொம்பை நினைவுப் பொருளாக எடுத்து வரச் சட்டம் இடம் தராது. ஆடியில் புதுக்கொம்பு மெத்தென்ற தோல் போர்த்தி வளர்ந்துகொண்டிருக்கும், உள்ளே ரத்தம் ஓடும், அதனால் எதிலும் இடித்துவிடாமல் ஆண்கள் பதுங்கி நடக்கும். முரட்டுக் கொம்புப் படங்களுக்கு இருக்கும் மவுசு இந்தப் பருவத்துக்கு இல்லை, அதனால் எடுப்பவர்களும் குறைவு. மே மாதக் கூட்டமும் கொடைக்கானலில் வடிந்திருக்கும். கல்யாண மண்டபங்கள் அப்போதும் காலிதான்.